தங்கச்சி வக்கீலுக்குப் படிக்கிறாள்

போடி
மே 12

அண்ணனுக்கு,

சுகன்யா எழுதுகிறேன். போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறாளே, இவளுக்கு மூளை குழம்பிவிட்டதா என்று நினைப்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் கேட்கிறேன். நான் வாயைத் திறந்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. செழியன் அண்ணன் காலையில் ஜீப்பில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரும்போது இதை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அறுநூறுக்கு முந்நூற்று ஐம்பத்தெட்டு. ஆங்கிலத்தில் நாற்பத்தொன்று. எனக்கு மறந்துபோகும் என்பதுபோல ரிசல்ட் வந்த அன்று நீ இதையே நாலு தடவை சொன்னாய். ரிசல்ட்டுக்கு முந்தின நாளே இரண்டு கிலோ லட்டு வாங்கி எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் கொடுத்தது நீ. நான் கொடுக்கச் சொல்லவில்லை. "தின்னவங்க மூஞ்சியில நான் எப்பிடி முழிக்கிறது" என்று என்னைக் கேட்டால் நான் என்ன செய்வேன்.

அதுகூடப் போகட்டும். கடைசியில் ஒன்று சொன்னாயே, "அம்மா ஏலக்காய் பொறுக்குற எடத்துலயே ஒனக்கும் ஒரு முறம் போடச் சொல்றேன்" என்று, அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடப் போகிறேன். ஐந்து வருஷப் படிப்பு. விண்ணப்பிக்க இந்த மார்க் போதும். சீட்டு கிடைக்குமா என்பது வேறு. எட்டாம் வகுப்பு வரை நான் மலையில், கேரளாவில் இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்கிறார்கள். நாம் தமிழ்நாட்டுக்காரர்கள்தான் என்று தாசில்தார் ஆபீசில் வாங்க வேண்டும். ஜூன் பதினான்குக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு ரேஷன் கார்டு தேவை. ஆதார் லிங்க் பண்ணவேண்டும் என்று மார்ச்சில் நீதான் வாங்கிக்கொண்டு போனாய். செழியன் அண்ணனிடம் கொடுத்துவிடு.

கார்டு வந்தால் அம்மாவும் நிம்மதியாவாள். இரண்டு மாதமாக நீ மேலே இருந்து அனுப்புகிற கொட்டை அரிசியைப் பார்த்தாலே புலம்புகிறாள். "இது வேகுறதுக்குள்ள ஒரு கேசு சிலிண்டரு தீந்துரும்" என்கிறாள்.

மதினியை ஜீப்பில் அதிகம் அலைக்காதே. ஏழாம் மாதம்.

சுகன்யா


ஸ்டோர் லயம்
மே 15

சுகன்யா,

நீ நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் இரண்டு பக்கம் எழுதுவாய்.

செழியன் ஜீப்பை நிறுத்தி, "மனோஜு, ஒந் தங்கச்சி லெட்டர் போட்ருக்குப்பா" என்று மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். கல்யாணப் பத்திரிகையோ என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

முறம் என்று சொன்னது தப்பு. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நானே அம்மாவிடம் சொல்ல வேண்டும்தான். போனை எடுத்தால் வாய் வரமாட்டேன் என்கிறது. நீ சொல்லிவிடு.

மற்றபடி நான் சொன்னது சொன்னதுதான். வக்கீல் என்றால் வாதாட வேண்டும். அதுவும் இங்கிலீஷில். நாற்பத்தொன்றை வைத்துக்கொண்டு எந்த ஜட்ஜிடம் வாதாடுவாய்? அப்பாவின் நஷ்டஈட்டுக் கேஸை எடுத்த வக்கீலை நீயும்தான் பார்த்தாய். ஜீப்பு உருண்டு மனுஷன் போய்ச் சேர்ந்து, நம்மை இரண்டு வருஷம் அலையவிட்டு, கடைசியில் "ஒண்ணும் நிக்காதும்மா" என்றார். அந்தத் தொழிலுக்கா போகிறாய்?

பி.காம். சேர். இப்போது காய் ஏலம் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. போடியில் எந்தக் குடோனிலும் உனக்கு ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி கிடைக்கும். அண்ணன் உனக்குக் கெடுதல் சொல்லமாட்டேன்.

கார்டைத் தேடுகிறேன். லயத்தில் ஒழுகுகிறது என்று சாமான்களை இடம் மாற்றியதில் எங்கேயோ சொருகிக்கொண்டது.

மனோஜ்


போடி
மே 19

அண்ணே,

சீக்கிரம் தேடு. இ-சேவை மையத்தில் சான்றிதழுக்குப் பதிந்துவிட்டேன். வி.ஏ.ஓ. கூப்பிட்டு விசாரித்தார். "கார்டு எங்கம்மா" என்றார். அண்ணனிடம் இருக்கிறது, வருகிறது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அந்த வக்கீலைப் பார்த்த பிறகுமா என்று கேட்டாய். அவரைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. நீ அன்றைக்கு வரவில்லை. எனக்குப் பதினோரு வயது. கோர்ட்டு வாசலில் அவர் ஒரு பேப்பரை எடுத்து அம்மாவிடம் காட்டினார். அப்பா வேலைக்குப் போகவில்லை, சொந்த சோலியாகத்தான் அந்த ஜீப்பில் ஏறினார் என்று அதில் மலையாளத்தில் எழுதியிருந்ததாம். கீழே அம்மாவின் கையெழுத்து.

"ஆஸ்பத்திரியில வச்சு நீட்டுனாங்கய்யா. பொணத்தக் குடுக்கணும்னா போடணும்னாக. போட்டேன்" என்றாள் அம்மா.

"வாசிச்சுப் பாக்கலையாம்மா?"

"மலையாளம்லய்யா."

அவர் ஃபைலை மூடிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவுக்கு அதை வாசித்துச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் போதுமே என்று தோன்றியது. நான் அந்த ஆளாக வேண்டும். வாதாடுவதெல்லாம் அப்புறம்.

மார்க்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த கேள்வி முதலில் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அதற்கே ஐந்து பக்கம் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் முக்கால் மணி நேரம்தான் பாக்கி. மூன்று கேள்விகளைத் தொடவே இல்லை. ஹாலைவிட்டு வெளியே வந்ததுமே எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக அதை மறைத்துக்கொண்டு திரிந்தேன். நீ லட்டு கொடுத்தாய் என்று மதினி போனில் சொன்னபோது எனக்கு வாந்தி வந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வாந்தி எடுத்தேன்.

இப்போதும் தூக்கமில்லை. பதினான்காம் தேதியை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. கார்டை அனுப்பிவிடு அண்ணே.

சுகன்யா


ஸ்டோர் லயம்
மே 23

சுகன்யா,

இங்கே மழை. போடிமெட்டு வளைவில் மரம் சாய்ந்து இரண்டு நாள் ஜீப்பு வரவில்லை. உன் மதினி கற்பகத்துக்குக் கால் வீங்கியிருக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார்.

கார்டு கிடைக்கவில்லை. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டை வைத்துக் கேட்டுப் பார். எல்லா ஆபீசிலும் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

அரிசி பத்துக் கிலோ செழியனிடம் கொடுத்திருக்கிறேன்.

மனோஜ்


போடி
மே 28

அண்ணனுக்கு,

அரிசி வந்தது. எந்த ஊர் ரேஷன் கடை அரிசி என்றும் தெரிந்துவிட்டது.

கார்டு தொலைந்திருந்தால் வேறு கார்டு வாங்கிக்கொள்ளலாமே என்று நேற்று ரேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் அம்மாவின் போன் நம்பரை மெஷினில் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கார்டே இல்லியே பாப்பா. மார்ச்சுலயே சரண்டர் பண்ணிட்டாக. நீங்க கேரளாவுக்குப் போயிட்டீகள்ல?" என்றார். நான் இல்லை என்றேன். "ஓடிபி ஒங்கம்மா நம்பருக்குத்தான வந்திருக்கு. அவுகளக் கேளு" என்றார். எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் பையோடு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு நம்பர் வந்திருக்காம்மான்னு கேட்டான். இங்கிலீசு வாசிக்கத் தெரியாம போனையே குடுத்தேன். அவங் கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு. வெயில்ல வந்தவன்னு மோரு கரைச்சுக் குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

என் பெயரும் அம்மா பெயரும் இப்போது எந்த ஊரில் இருக்கிறது? நான் யார் என்று நானே ஆபீஸ் ஆபீசாகப் போய்க் கேட்க வேண்டுமா? கார்டைத் தேடுகிறேன், தேடுகிறேன் என்று எழுதினாயே, எந்தப் பெட்டியில் தேடினாய்?

இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. உண்மையை மட்டும் எழுது. மழையைப் பற்றி எழுதாதே.

சுகன்யா


ஸ்டோர் லயம்
மே 31

சுகன்யா,

நீ சொன்னபடி மழையைப் பற்றி எழுதவில்லை.

தை மாதம் இந்த எஸ்டேட் கைமாறியது உனக்குத் தெரியும். புது முதலாளி லயத்தை இடிக்கப் போகிறார். ஓணத்துக்குள் எல்லாரும் ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. உனக்குப் பரீட்சை என்று உன்னிடமும் சொல்லவில்லை. கற்பகத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? அப்போது பஞ்சாயத்தில் வீடு இல்லாதவர்களுக்குப் பட்டியல் எடுத்தார்கள். இந்த ஊர்க் கார்டு வேண்டும். விதவைத் தாயும் படிக்கிற தங்கச்சியும் கூட இருந்தால் வரிசையில் முன்னால் வரும் என்றார்கள்.

அதனால் உங்கள் இருவர் பெயரையும் சேர்த்துவிட்டேன். உன் இங்கிலீஷ் பரீட்சைக்கு முந்தின நாள் பேனா வாங்கிக்கொண்டு வந்தேனே, கார்டைச் சரண்டர் பண்ணத்தான் வந்தேன். பேனா சும்மா.

ஒரு பாரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நானும் என் மனைவியும் தாயும் தங்கையும் நிரந்தரமாக இங்கேதான் வசிக்கிறோம், வேறு எங்கும் எங்களுக்குக் குடியிருப்பு இல்லை என்று இருந்தது. மலையாளத்தில் இருந்ததால் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று உனக்கு எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ நம்பியிருப்பாய். அம்மாவுக்கு நடந்ததுதானே. ஆனால் ஆறு வருஷமாக இந்த ஏலக்காய் ஸ்டோரில் மூட்டைச் சீட்டு எழுதுகிறவன் நான். மலையாளம் எனக்கு நன்றாகவே வாசிக்க வரும். வரி வரியாக வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.

நீ ஐந்நூறு வாங்குவாய், நல்ல மார்க் வாங்குகிறவளை எந்த ஊர்க் கார்டு என்று எவன் கேட்கப் போகிறான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். லட்டு வாங்கியது அந்தப் பயத்தில்தான். மார்க் வந்ததும் உன்மேல் ஏன் அப்படிப் பாய்ந்தேன் என்று இப்போது உனக்குப் புரியும். எனக்கு அன்றைக்கே புரிந்தது.

இப்போது உங்கள் பெயரைத் திருப்பினால் பட்டியலில் என் பெயர் நிற்காது. ஜூலையில் பிள்ளை பிறக்கும். கேட்க எனக்கு வாய் கூசுகிறது. இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கொள். வீடு கைக்கு வந்ததும் நானே வந்து எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன். ஒரே ஒரு தடவை அண்ணனுக்காக.

மனோஜ்


போடி
ஜூன் 4

அண்ணே,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் கிழிக்கப் போனேன். பிறகு மடித்து வைத்தேன். சாயங்காலம் திரும்ப எடுத்து வாசித்தேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை இந்தக் காகிதத்தில் எழுதி மாளாது. ஆனால் மதினியை நினைத்தால் அந்தக் கோபமும் முழுசாக வரவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு வருஷம் பொறு என்கிறாய். அடுத்த வருஷம் இதே மார்க்தான் இருக்கும். புதிதாக ஒரு லட்சம் பேர் எனக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

தாலுகா ஆபீசுக்குப் போய் ஆர்.ஐ.யிடம் நடந்ததைப் பாதியாகச் சொன்னேன். கார்டை ஒப்படைத்தவரே நேரில் வந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தால் சான்றிதழுக்கு எழுதலாம் என்றார். திங்கட்கிழமைக்குள் வந்தால்தான் நேரம் இருக்கும் என்றார்.

வெளியே மனு டைப் அடிக்கிறவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இதுக்கு எதுக்கும்மா இம்புட்டு யோசன" என்றார். நாங்கள் நாலு பேரும் எப்போதும் போடியிலேயே இருக்கிறோம், கார்டு தவறுதலாகச் சரண்டர் ஆகிவிட்டது, கேரளாவில் எங்களுக்கு எதுவும் இல்லை என்று அடித்தால் போதுமாம். "அந்த ஊருக் கம்ப்யூட்டர இந்த ஊருல எவன் தொறந்து பாக்கப் போறான். ஒனக்குச் சீட்டு, ஒங்க அண்ணனுக்கு வீடு" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிக்கச் சொன்னேன். அவர் அடிக்கும்போது பக்கத்தில் நின்று ஒரு வார்த்தையைத் திருத்தவும் செய்தேன்.

அது இதோடு இருக்கிறது. கீழே நீ கையெழுத்துப் போட வேண்டும். போட்டுக்கொண்டு திங்கட்கிழமை வந்தால் இரண்டு பேருக்கும் நல்லது. உன் வீடும் போகாது.

அம்மாவுக்கு நான் இன்னும் எதையும் முழுதாகச் சொல்லவில்லை. லயத்தை இடிக்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னேன். "அப்ப கற்பகத்த இங்க கூட்டியாரச் சொல்லு. நமக்கென்ன, நாலு பேரு படுக்க எடமில்லையா" என்றாள். இந்த ஒற்றை அறையில் எந்த நாலு பேர் படுப்பது என்று நான் கேட்கவில்லை.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. வெரசாகப் பதில் போடு.

சுகன்யா


ஸ்டோர் லயம்
ஜூன் 6

சுகன்யா,

நீ அனுப்பியதை வாசித்தேன். நன்றாக அடித்திருக்கிறார். ஒரு இடத்திலும் மாட்டிக்கொள்ள வழி இல்லை.

கையெழுத்துப் போடவில்லை. இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் பொய்யில் கையெழுத்துப் போட்டது என் தலைக்கு மேல் கூரை வேண்டும் என்று. நீ படிக்கப் போவது வக்கீலுக்கு. முதல் பேப்பரே இப்படி இருந்தால், அந்த ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் நீட்டினானே ஒருத்தன், அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? உறைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கும் உறைத்தது.

கற்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். பிறகு, "போயிட்டு வாங்க" என்றாள்.

திங்கட்கிழமை முதல் ஜீப்பில் வருகிறேன். தாலுகா ஆபீஸ் வாசலில் நில்.

மனோஜ்


போடி
ஜூலை 11

அண்ணே,

அம்மா அங்கே வந்த பிறகு இந்த வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். மதினிக்குத் துணையாக அம்மா இருப்பது எனக்கு நிம்மதி. இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. முதலில் நீ மட்டும் வாசி.

சட்டக் கல்லூரிப் பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இல்லை.

ஐந்து நாளாகிறது. தினமும் எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று தடவை மேலிருந்து கீழே பார்க்கச் சொன்னேன். எனக்கும் கடைசியாக உள்ளே போனவருக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. இன்னொரு சுற்றில் வரலாம் என்று நம்பக்கூட இடமில்லை. சான்றிதழ் பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் ஆபீசை மூடுகிற நேரத்தில் கையில் கிடைத்தபோது, பாதி சீட்டு கிடைத்த மாதிரி குதித்தேன். கடைசியில் என்னைத் தடுத்தது அந்தச் சான்றிதழ் இல்லை. என் நாற்பத்தொன்றுதான்.

இதை எழுதக் கை வரவில்லை அண்ணே. உன் வீட்டையும் கெடுத்தேன். சீட்டும் வாங்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமையே கண்ணுக்குள் நிற்கிறது. தாயும் தங்கையும் போடியைவிட்டு எங்கும் போகவில்லை, அவர்களுக்குத் தெரியாமல் நான்தான் பெயரை மாற்றினேன் என்று நீ உன் கையாலேயே எழுதினாய். ஆர்.ஐ. வாசித்துவிட்டு, "அப்ப அங்க குடுத்தது பொய்யாப்பா?" என்று கேட்டார். சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள். நீ, "ஆமா சார். பொய்தான்" என்றாய். உன் காது சிவந்துபோயிருந்தது. நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். வெளியே வந்ததும் சாப்பிட்டுப் போ என்றேன். ஜீப்பு போய்விடும் என்று ஏறிவிட்டாய். திரும்பிப் பார்க்கவில்லை. என்மேல் கோபமா, வெட்கமா என்று இன்று வரை நான் கேட்கவில்லை.

நான் டைப் அடித்து வாங்கிய அந்தப் பேப்பரை அடுப்பில் போட்டுவிட்டேன். ஒரு வார்த்தையைத் திருத்திக் கொடுத்தேன் என்று எழுதினேனே. 'தவறுதலாக' என்ற வார்த்தை நான் போட்டது.

வீரபாண்டிக் கல்லூரியில் பி.ஏ.வுக்கு இடம் இருக்கிறது. நாளை மறுநாள் கடைசி. அதை முடித்தால் மூன்று வருஷச் சட்டப் படிப்புக்குப் போடலாம். மூன்றும் மூன்றும் ஆறு. எழுதும்போதே மலைப்பாக இருக்கிறது. அதற்குள் எனக்கு இந்த ஆசையே போய்விட்டால்? அப்போதும் மார்க் வராவிட்டால்? உன்னை அவ்வளவு பேர் முன்னால் நிறுத்திவிட்டு, கடைசியில் நான் ஒன்றுமே ஆகாமல் போய்விட்டால் என்ன செய்வது?

உன் பட்டியல் என்ன ஆயிற்று என்று எழுது. நல்ல செய்தி இல்லையென்றாலும் எழுது.

சுகன்யா


ஸ்டோர் லயம்
ஜூலை 12

சுகன்யா,

கற்பகத்துக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. அம்மா தினமும் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு" என்கிறாள். பத்து நாளாக இதையே சொல்கிறாள்.

பட்டியலைக் கேட்டாய். நானே பஞ்சாயத்துக்குப் போய்ச் சொன்னேன். பெயரை எடுத்துவிட்டார்கள். மெம்பருக்குக் கோபம். "மோனே, ஆரும் சோதிச்சில்லல்லோ, நீ எந்தினா வந்து பறஞ்சது" என்றார். யாரும் கேட்காதபோது ஏன் வந்து சொன்னாய் என்று தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேர், பிறந்ததும் மூன்று பேர், அதை மட்டும் எழுதிப் புதிதாக மனு கொடுத்திருக்கிறேன். எப்போது வரும் என்று தெரியாது. லயத்தில் ஓணத்துக்கு ஒழிக்கச் சொன்னவர்கள், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு மட்டும் இரண்டு மாதம் கூடக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அதை உன்னிடம் மறைத்து இனி என்ன ஆகப் போகிறது.

அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்காதது கோபத்தில் இல்லை. கண்ணில் தண்ணீர். இருபது பேர் உட்கார்ந்திருந்த ஜீப்பு.

உன் கடிதத்தைச் செழியன் இன்று காலையில் பூப்பாறையில் வைத்துக் கொடுத்தான். கற்பகத்துக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்ப அவன் ஜீப்பிலேயே ஏறி, வரும் வழியில் வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். காய் எடுக்கிற பெண்கள் ஜீப்பு நிறைய இருந்தார்கள். எதிரில் மூக்கம்மாள் அக்கா. லட்டு தின்றவள்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒந் தங்கச்சி என்ன பண்ணுது இப்ப?" என்று கேட்டாள்.

"வக்கீலுக்குப் படிக்குதுக்கா" என்றேன்.

உன் கடிதம் கையில்தான் இருந்தது. பட்டியலில் பெயர் இல்லை என்று வாசித்து முடித்துவிட்டுத்தான் சொன்னேன்.

அவள் உடனே தன் மருமகன் பி.எஃப். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் ஒரு பையைத் திறந்து ஏதோ நோட்டீஸை எடுத்து, "இதுல என்ன போட்ருக்குன்னு கேட்டுச் சொல்லேன்" என்று என் மடியில் வைத்தாள். இறங்குவதற்குள் மூன்று கேஸ் சேர்ந்துவிட்டது. எல்லாப் பேப்பரையும் பத்திரமாக வைத்திருங்கள், தங்கச்சி வாசித்துச் சொல்லும் என்று சொல்லியிருக்கிறேன்.

நாளைக்குக் கடைசி நாள் என்றாய். இந்தக் கடிதத்தைச் செழியன் இன்று சாயங்காலமே உன் கையில் கொடுப்பான். காலையில் முதல் பஸ்சுக்குப் போ.

ஆபீசில் போய்ப் பொய் என்று ஒத்துக்கொள்ள எனக்கு இப்போது பழகிவிட்டது. ஆனால் ஜீப்பில் சொன்ன இந்தப் பொய்யை நான் யாரிடமும் போய்த் திருத்தப் போவதில்லை. ஆறு வருஷம் இருக்கிறது. நீ திருத்து.

அண்ணன்
மனோஜ்